எல்இடி எரியவில்லையா? முதலில் டிரான்சிஸ்டரின் காலில் மீட்டரை வையுங்கள்

மண்டப வாசலில் வைக்க "நல்வரவு" பலகை ஒன்று வேண்டும் என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். ந, ல், வ, ர, வு என்று ஐந்து எழுத்து. ஒவ்வொன்றாக எரிந்து, ஐந்தும் சேர்ந்து கொஞ்ச நேரம் நின்று, பிறகு அணைய வேண்டும். ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, சுவிட்சாக வேலை செய்ய ஐந்து பிசி547 டிரான்சிஸ்டர், ஒரு 12 வோல்ட் அடாப்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றுதான் உட்கார்ந்தேன். பலகை ஒழுங்காக எரிய அடுத்த வியாழன் ஆகிவிட்டது. அந்த நான்கு நாளில் பார்த்த கோளாறுகளையும், அதற்கு முன்னும் பின்னும் மற்றவர்கள் பலகைகளில் பார்த்தவற்றையும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் பலகையில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

## பலகையின் கணக்கு

ஓர் எழுத்துக்கு 12 வெள்ளை எல்இடி. மூன்று மூன்றாகத் தொடராகக் கோத்தால் நான்கு கோவை. ஒரு வெள்ளை எல்இடிக்கு 3.1 வோல்ட் என்று வைத்தால் கோவைக்கு 9.3 வோல்ட் போகிறது. முழுதாகத் திறந்த, அதாவது மின்னோட்டத்தைத் தாராளமாக ஓடவிடும், டிரான்சிஸ்டரில் 0.2 வோல்ட் நிற்கும். 12 வோல்ட்டில் மிச்சம் 2.5. கோவைக்கு ஒரு 150 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 17 மில்லிஆம்பியர் ஓடும். நான்கு கோவைக்கும் சேர்த்து எழுத்துக்கு 67 மில்லிஆம்பியர்.

ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லின் ஒரு பின் (ஒயர் மாட்டும் முனை) தாங்கும் உச்சம் 40 மில்லிஆம்பியர். நிம்மதியாகக் கேட்கக்கூடியது 20தான். எல்லாப் பின்களும் சேர்ந்து 200ஐத் தாண்டக்கூடாது. ஆகவே 67ஐப் பின்னிடம் நேராகக் கேட்க முடியாது. 12 வோல்ட்டைப் பின்னுக்குக் காட்டவே கூடாது. அதனால்தான் நடுவில் டிரான்சிஸ்டர். பிசி547 தாங்குவது 100 மில்லிஆம்பியர், எனவே 67க்குப் போதும். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் எமிட்டர் கிரவுண்டில் (மைனஸில்), கலெக்டர் எல்இடி கோவைகளின் கேத்தோடு (மைனஸ் கால்) பக்கத்தில், பேஸ் 470 ஓம் வழியாகப் பின்னில்.

ஏன் 470? டிரான்சிஸ்டரைச் சுவிட்சாகப் பயன்படுத்தும்போது ஓட வேண்டிய மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கையாவது பேஸுக்குக் கொடுத்துவிட வேண்டும். டேட்டாஷீட்டில் பெருக்கம் 200, 300 என்று போட்டிருப்பதை நம்பி பேஸுக்குக் கஞ்சத்தனம் பண்ணினால் டிரான்சிஸ்டர் பாதி திறந்தபடி நிற்கும். 67க்கு 7 வேண்டும். பின்னில் 5 வோல்ட், பேஸில் 0.7 போக 4.3, அதை 470ஆல் வகுத்தால் 9. சரியாக இருக்கிறது.

## மூன்று இடம், மூன்று எண்

கோளாறு வந்ததும் கை தானாக ஒயரைப் பிடுங்கி மாட்டப் போகும். அதைக் கட்டுப்படுத்துங்கள். எதையும் மாற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். கறுப்பு முனையை அடாப்டரின் மைனஸில் பொருத்தி அங்கேயே விட்டுவிடுங்கள். சிவப்பு முனையால் பின், பேஸ், கலெக்டர் மூன்றையும் தொடுங்கள்.

அதற்கு முன் ஊனோவில் எல்லா எழுத்தையும் எரித்து அப்படியே நிறுத்தும் நாலு வரி கோடை (புரோகிராமை) ஏற்றிவிடுங்கள். ஓடும் விளக்குக் கோடு ஓடும்போதோ, பிடபிள்யூஎம்மில் (வேகமாக எரித்து அணைத்து) ஒளியைக் கூட்டிக் குறைக்கும்போதோ அளந்தால் மீட்டர் காட்டுவது சராசரி. அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

நல்ல நிலையில் பின்னில் 4.7 முதல் 5 வரை, பேஸில் 0.7 ஒட்டி, கலெக்டரில் 0.2 அல்லது அதற்கும் கீழே. இதிலிருந்து எந்த எண் விலகுகிறதோ அங்கேதான் கோளாறு.

பின்னில் 0 என்றால் கோடு, அல்லது தப்பான பின். பின்னில் 5 இருந்து பேஸில் 0 என்றால் நடுவில் இருக்கும் ரெசிஸ்டர் பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகும் துளைப் பலகையில்) ஒரு துளை தள்ளி உட்கார்ந்திருக்கும். பேஸில் 0.7 இருந்தும் கலெக்டரில் 1, 2 என்று நின்றால் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்கவில்லை. பேஸிலும் 4, 5 என்று காட்டினால் எமிட்டர் கிரவுண்டைத் தொடவில்லை, அல்லது உள்ளே பேஸ்-எமிட்டர் சந்தி எரிந்துபோயிருக்கிறது. நல்ல என்பிஎன் டிரான்சிஸ்டரில் (பிசி547 இந்த வகைதான்) எமிட்டர் கிரவுண்டில் இருக்கும்போது பேஸ் ஒரு வோல்ட்டைத் தாண்டவே தாண்டாது.

இன்னொன்று. எழுத்து அணைந்திருக்கும்போது கலெக்டரில் 12 வரும் என்று எதிர்பார்த்து, 5 அல்லது 6ஐப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. அது கோளாறு அல்ல. மீட்டர் இழுக்கும் துளி மின்னோட்டத்துக்கே மூன்று எல்இடியும் ஆளுக்கு இரண்டு வோல்ட்டுக்கு மேல் பிடித்துக்கொள்கின்றன. மிச்சம்தான் மீட்டருக்கு வருகிறது.

## ஒன்றுமே எரியவில்லை

சுற்றை இரண்டாக வெட்டிப் பாருங்கள். பேஸ் ரெசிஸ்டரில் ஊனோவின் பின்னுக்குப் போகும் முனையைப் பிடுங்கி நேராக ஊனோவின் 5 வோல்ட்டில் தொடுங்கள். எரிந்தால் கோளாறு ஊனோ பக்கம். எரியாவிட்டால் ஒரு ஒயர்த் துண்டால் கலெக்டரையும் எமிட்டரையும் ஒரு கணம் சேருங்கள். இப்போது எரிந்தால் டிரான்சிஸ்டர் பக்கம் கோளாறு, எரியாவிட்டால் எல்இடி அல்லது அடாப்டர். கோவையில் ரெசிஸ்டர் இருந்தால் மட்டும் இப்படிச் சேருங்கள். ரெசிஸ்டர் இல்லாத கோவையில் செய்தால் ஒரே ஒரு முறை பளிச்சென்று எரியும், அவ்வளவுதான்.

டிரான்சிஸ்டர் பக்கம் என்று தெரிந்தால் முதல் சந்தேகம் கிரவுண்ட். ஊனோ லேப்டாப்பின் யுஎஸ்பியில் ஓடும், எல்இடிகள் 12 வோல்ட் அடாப்டரில் ஓடும், இரண்டின் மைனஸையும் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். பின்னிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் பேஸ் வழியாகப் போய் ஊனோவுக்கே திரும்பி வர வேண்டும். திரும்ப வழி இல்லையென்றால் கிளம்பவே கிளம்பாது. என்னிடம் கொண்டுவரப்படும் "எரியவே இல்லை" பலகைகளில் அதிகம் பார்ப்பது இந்த ஒரு ஒயர்தான். தனித்தனி அடாப்டர் இருக்கட்டும், பிளஸ்கள் பிரிந்தே இருக்கட்டும், மைனஸ் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஊனோவுக்குப் பதில் இஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவர்கள் பின் எண்ணைப் பாருங்கள். 34, 35, 36, 39 ஆகியவை உள்ளீடு மட்டும் வாங்கும் பின்கள். கோடில் வெளியீடு என்று எழுதினாலும் அவை அசையாது.

நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்து பவர் வரிசை நடுவில் அறுந்திருக்கும். சிவப்பு, நீலக் கோடு அங்கே விட்டுப்போயிருப்பதுதான் அடையாளம். பாதிப் பலகை எரிந்து மறுபாதி எரியாவிட்டால் அங்கே ஒரு ஜம்பர் ஒயரைப் போட்டுப் பாருங்கள்.

ஓர் எழுத்தில் மூன்று எல்இடி மட்டும் இருட்டாக இருந்தால் அந்தக் கோவையில் ஒன்று திருப்பிப் போடப்பட்டிருக்கிறது, அல்லது சால்டர் ஒட்டவில்லை. தொடரில் ஒன்று அடைத்தால் மூன்றுமே அணையும். மீட்டரை டையோடு நிலையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டால் திரும்பியிருப்பது தெரிந்துவிடும். சில மீட்டர்கள் வெள்ளை எல்இடியை எரிக்கும் அளவு வோல்ட் தருவதில்லை. அதனால் தெரிந்த நல்ல எல்இடி ஒன்றை முதலில் தொட்டு மீட்டரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

## எரிகிறது, ஆனால் மங்கலாக

இதுதான் என் வியாழக்கிழமையைத் தின்றது. முதலில் சுலபமானவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

பேஸ் ரெசிஸ்டரின் நிறக்கோடுகளைப் படியுங்கள். மஞ்சள், ஊதா, பழுப்பு என்றால் 470 ஓம். மஞ்சள், ஊதா, ஆரஞ்சு என்றால் 47 ஆயிரம். மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் பழுப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். மீட்டரில் அளந்து போடுவது நல்லது.

கோடில் பின்மோட் வரி விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். வெளியீடு என்று அறிவிக்காத பின்னுக்கு டிஜிட்டல்ரைட்டில் ஹை கொடுத்தால் ஏடிமெகா சில் பின்னை ஓட்டாது. உள்ளே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரை மட்டும் இணைக்கும். அது 20 முதல் 50 ஆயிரம் ஓம் வரை. பேஸுக்குக் கிடைப்பது 0.1, 0.2 மில்லிஆம்பியர். டிரான்சிஸ்டர் அதையும் பெருக்கிக் கொஞ்சம் வெளிச்சம் காட்டும். ஒரு எல்இடியை வைத்துச் சோதிக்கும்போது நன்றாகவே எரியும், பன்னிரண்டை மாட்டியதும் மங்கும். ஆள் அடாப்டரைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார். பின்னில் மீட்டரை வைத்தால் 4.7க்குப் பதில் 0.7, 0.8 என்று காட்டும், கோளாறு தெரிந்துவிடும்.

எல்இடியை எமிட்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் மாட்டியிருக்கிறீர்களா? படம் பார்க்காமல் கட்டுபவர்கள் இப்படிச் செய்வது சகஜம். அந்த அமைப்பில் எமிட்டர் எப்போதும் பேஸை விட 0.7 கீழேதான் நிற்கும். பின்னில் 5 என்றால் எல்இடி பக்கத்துக்கு 4.3க்கு மேல் ஏறாது. ஒற்றை எல்இடி எரியும். மூன்று கோத்த கோவைக்கு 9 வோல்ட் வேண்டுமே, அது கண்ணே திறக்காது. கலெக்டரில் 12 இருந்து என்ன பயன்? சுமை எப்போதும் கலெக்டர் பக்கம்தான்.

யுஎல்என்2003 போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழு வரிசையை ஒரே சில்லில் ஓட்டலாம், பேஸ் ரெசிஸ்டரும் உள்ளேயே இருக்கிறது, வேலை சுலபம். ஆனால் உள்ளே இருப்பது டார்லிங்டன் ஜோடி, அதாவது ஒன்று மற்றொன்றை ஓட்டும் இரண்டு டிரான்சிஸ்டர். திறந்திருக்கும்போதும் 0.9 வோல்ட் ஒட்டி நிற்கும், 0.2க்கு இறங்கவே இறங்காது. நம் பலகையில் அதைப் போட்டால் ரெசிஸ்டருக்கு 2.5 வோல்ட் கிடைத்த இடத்தில் 1.8தான் கிடைக்கும், 17 மில்லிஆம்பியர் 12 ஆகிவிடும். ரெசிஸ்டரை 100 ஓம் ஆக்கினால் சரியாகிவிடும். டிஐபி122 என்ற டார்லிங்டன் டிரான்சிஸ்டருக்கும் இதே கதைதான்.

இனி என் வியாழக்கிழமை. நான்கு எழுத்துகள் பளிச். "வு" மட்டும் கிழவர் கண் மாதிரி மங்கல். பின்னில் 4.8. பேஸில் 0.69. கலெக்டரில் 1.9. பேஸ் சரி, பின் சரி, டிரான்சிஸ்டர் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. ரெசிஸ்டரை மாற்றினேன், 470ஐ 220 ஆக்கினேன், கொஞ்சம் கூடியது, ஆனால் மற்ற எழுத்துகளோடு சேரவில்லை. அடாப்டரை மாற்றினேன். கோவைகளைப் பிரித்து மறுபடி ஒட்டினேன். ராத்திரி பதினொன்றரைக்கு டிரான்சிஸ்டரின் முகத்தைப் படித்தபோதுதான் உறைத்தது. ஐந்தாவது பிசி547 கைவசம் இல்லாமல், டப்பாவில் கிடந்த பிஎன்2222ஏ ஒன்றை நானே அந்த இடத்தில் செருகியிருந்தேன்.

தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் பிசி547இன் கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிஎன்2222ஏவின் கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர். அப்படியே தலைகீழ். நடுவில் பேஸ் இருப்பதால் இரண்டும் துளையில் அழகாக உட்காரும். எமிட்டரும் கலெக்டரும் மாறினாலும் டிரான்சிஸ்டர் செத்துப்போவதில்லை. பெருக்கம் மட்டும் நூற்றுக்கணக்கிலிருந்து ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். 9 மில்லிஆம்பியர் கொடுத்தால் 35, 40 வாங்கலாம். அதனால்தான் பாதி வெளிச்சம். பேஸில் 0.69 ஏன் சரியாகக் காட்டியது? பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவில் இருப்பதும் ஒரு டையோடு சந்திதானே. கிரவுண்டைத் தொட்டிருந்தது கலெக்டர் கால், மீட்டருக்கு அது எப்படித் தெரியும்?

கூத்து என்னவென்றால், பெயரில் ஓர் எழுத்து கூடிய பி2என்2222ஏ என்று ஒன்று உண்டு. அதன் கால்கள் பிசி547 போலவே கலெக்டர், பேஸ், எமிட்டர். கடையில் "2222 கொடுங்க" என்று கேட்டால் எது வரும் என்பது அன்றைய இருப்பைப் பொறுத்தது. மீட்டரில் பெருக்கத்தை அளக்கும் எச்எஃப்இ துளைகள் இருந்தால் செருகிப் பாருங்கள். சரியான திசையில் 150, 250 என்று காட்டும், தப்பான திசையில் 5 அல்லது 8. அந்த வசதி இல்லையென்றால் டையோடு நிலையில் பேஸிலிருந்து இரண்டு பக்கமும் அளங்கள். எமிட்டர் பக்கம் ஒரு சில மில்லிவோல்ட் அதிகமாகக் காட்டும். 0.672க்கும் 0.665க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் பிழைப்பு நடத்த வேண்டியதுதான்.

## தனித்தனியாகச் சரி, ஐந்தும் சேர்ந்தால் மங்குகிறது அல்லது ஊனோ ரீசெட் ஆகிறது

ஐந்து எழுத்தும் எரியும்போது 335 மில்லிஆம்பியர். 1 ஆம்பியர் அடாப்டருக்கு இது ஒன்றுமில்லை. ஆனாலும் மங்கினால் அடாப்டரின் வெளியீட்டில் மீட்டரை வைத்து, ஐந்தும் எரியும்போது 12 நிற்கிறதா பாருங்கள். சுமை கூடியதும் 10க்கு இறங்கினால் அடாப்டரின் மேல் ஒட்டியிருக்கும் 1 ஆம்பியர் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். சின்னச் சதுர 9 வோல்ட் பேட்டரியில் இந்தப் பலகையை ஓட்ட நினைக்கவே வேண்டாம்; கோவைக்கு வேண்டிய 9.3 வோல்ட்டுக்கே அது எட்டாது, அதன் உள்மின்தடையும் விடாது.

அடாப்டரில் 12 நிற்கிறது, பலகையில்தான் குறைகிறது என்றால் கிரவுண்ட் ஒயரைப் பாருங்கள். ஐந்து எமிட்டரையும் மணி கோத்த மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்லிய ஜம்பரால் இழுத்து, கடைசியில் ஊனோவின் ஜிஎன்டி துளையில் முடித்திருப்பீர்கள். எல்லா எழுத்தின் மின்னோட்டமும் ஊனோ வழியாக அடாப்டருக்குத் திரும்புகிறது. கறுப்பு முனையை அடாப்டர் மைனஸில் வைத்து, சிவப்பு முனையை ஊனோவின் ஜிஎன்டியில் வையுங்கள். 0.1க்கு மேல் காட்டினால் அந்த வழி சரியில்லை. எமிட்டர்களிலிருந்து கொஞ்சம் தடித்த ஒயரை நேராக அடாப்டர் மைனஸுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஊனோவுக்குத் தனியாக ஒரு ஒயர் கொடுங்கள். ஊனோ ரீசெட் ஆவதும் பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் 12 வோல்ட் வரும் இடத்தில் 470 அல்லது 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். பிளஸ், மைனஸ் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், வெடிக்கும்.

அடாப்டர் நொடிக்கு ஒருமுறை தானாக அணைந்து அணைந்து எரிந்தால் அது சுமை தாங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது கணக்கு தப்பு.

## அணையவே மாட்டேன் என்கிறது

டிரான்சிஸ்டரின் பேஸைக் கழற்றுங்கள். அப்போதும் எரிந்தால் டிரான்சிஸ்டர் உள்ளே ஷார்ட். தூக்கிப் போடுங்கள். மாஸ்ஃபெட் (கேட், டிரெயின், சோர்ஸ் என்று மூன்று கால் கொண்ட, கேட்டின் வோல்ட்டால் திறக்கும் வகை டிரான்சிஸ்டர்) செத்தாலும் பெரும்பாலும் இப்படித்தான் சாகும், வழி திறந்தபடியே.

புது மாஸ்ஃபெட் முதல் நொடியிலிருந்தே அணையவில்லையென்றால் டிரெயினும் சோர்ஸும் இடம் மாறியிருக்கின்றன. அதன் உள்ளே சோர்ஸிலிருந்து டிரெயினுக்கு ஒரு டையோடு உண்டு. ஒழுங்காக மாட்டினால் அது அடைத்து நிற்கும். திருப்பி மாட்டினால் கேட் என்ன சொன்னாலும் அது பாட்டுக்குக் கடத்தும். ஐஆர்எல்இசட்44என் போன்ற பெரிய உடம்புக்காரர்களில், எழுத்து நம்மைப் பார்க்கப் பிடித்தால் இடமிருந்து கேட், டிரெயின், சோர்ஸ். முதுகுத் தகடும் டிரெயின்தான்.

அந்தத் தகட்டால் வரும் இன்னொரு அறிகுறி வேடிக்கையானது. ஓர் எழுத்தை எரித்தால் ஐந்தும் எரியும். கோடை எத்தனை முறை படித்தாலும் பிழை கிடைக்காது. ஐந்து மாஸ்ஃபெட்டையும் அழகாக ஒரே அலுமினியப் பட்டையில் திருகி வைத்திருப்பார்கள். ஐந்து டிரெயினும் அந்தப் பட்டை வழியாகக் கைகோத்துவிட்டன. மைக்கா அல்லது சிலிக்கோன் தாளும், திருகுக்குப் பிளாஸ்டிக் வாஷரும் போட்டால் தீரும்.

பிஎன்பி டிரான்சிஸ்டரை (என்பிஎன்னுக்கு நேர்மாறு, பேஸைக் கீழே இழுத்தால் திறப்பது) 12 வோல்ட் பக்கம் வைத்து, பேஸை ரெசிஸ்டர் வழியாக ஊனோ பின்னில் மாட்டியிருக்கிறீர்களா? உடனே கழற்றுங்கள். பிஎன்பி அணைய வேண்டுமானால் பேஸ் 12க்கு அருகில் போக வேண்டும். ஊனோ கொடுக்கக்கூடியது 5தான். 7 வோல்ட் வித்தியாசம் இருந்துகொண்டே இருப்பதால் அது எப்போதும் திறந்திருக்கும், அதோடு 12 வோல்ட் பின் வழியாக ஊனோவுக்குள் புகுந்துகொண்டிருக்கும். பிஎன்பியின் பேஸைக் கீழே இழுக்க ஒரு சின்ன என்பிஎன் வையுங்கள், அந்த என்பிஎன்னை ஊனோ ஓட்டட்டும். பிஎன்பியின் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் ஒரு 10 ஆயிரம் ஓம் போட்டால், யாரும் இழுக்காதபோது அது அணைந்து நிற்கும்.

பவர் போட்டதும் ஒரு கணம் எல்லாம் பளிச்சென்று எரிந்து பிறகு ஒழுங்காக நடந்தால் அது மாஸ்ஃபெட் கேட் காற்றில் தொங்குவதால். கோடு ஓட ஆரம்பிக்கும் வரை பின்கள் யார் பேச்சையும் கேட்காது. விரலைக் கிட்டே கொண்டுபோனாலே கேட் ஏறும். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 ஆயிரம் ஓம் போட்டால் போதும். அணைத்த பிறகும் எல்இடியில் நூல்போல ஒரு வெளிச்சம் மிச்சமிருந்தால் அதற்கும் இதுவே மருந்து. இன்றைய எல்இடிகளுக்குச் சில மைக்ரோஆம்பியர் கிடைத்தாலே இருட்டில் கண்ணுக்குத் தெரியும்.

## டிரான்சிஸ்டர் சுடுகிறது

பேஸுக்குப் பட்டினி போட்டாலும் சுடும், தாங்காத சுமையைக் கொடுத்தாலும் சுடும். கலெக்டரில் நிற்கும் வோல்ட்டையும் ஓடும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் எத்தனை வாட் சூடு என்று வந்துவிடும். பிசி547 அளவு உடம்புக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 200 டிகிரி ஏறும். கால் வாட் என்றாலே 50 டிகிரி, நம் ஊர் 35 டிகிரி வெயிலோடு சேர்த்தால் விரல் வைக்க முடியாது.

ஆள்கள் அதிகம் மாட்டிக்கொள்வது எல்இடி ஸ்டிரிப்பில். ஒரு மீட்டர் நீளத்துக்கு 14.4 வாட் என்று எழுதியிருக்கும் ஸ்டிரிப்பை 5 மீட்டர் போட்டால் 72 வாட், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். இதற்கு பிசி547ஐப் போட்டால் முதல் நொடியிலேயே வாசனை வந்துவிடும். மாஸ்ஃபெட்தான் வழி, அதிலும் எது என்று பார்க்க வேண்டும். கடையில் முதலில் கைக்கு வருவது ஐஆர்எஃப்540 அல்லது ஐஆர்எஃப்இசட்44. இவை கேட்டுக்கு 10 வோல்ட் கிடைத்தால் முழுதாகத் திறக்கும். கேட் திறக்க ஆரம்பிக்கும் அளவே 2லிருந்து 4 வோல்ட் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஊனோவின் 5 வோல்ட்டில் சில துண்டுகள் வேலை செய்யும், சில பாதி திறந்து கொதிக்கும். "நண்பனுடையது ஓடுகிறதே" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். பெயரில் எஃப் இருந்த இடத்தில் எல் இருக்கும் ஐஆர்எல்இசட்44என் வாங்குங்கள். 5 வோல்ட் கேட்டில் அதன் மின்தடை 0.025 ஓம். 6 ஆம்பியருக்கு 0.9 வாட். சின்ன ஹீட்சிங்க் போதும். 3.3 வோல்ட் தரும் இஎஸ்பி32க்கு இதையும் நம்பிவிடாதீர்கள். டேட்டாஷீட் 4 வோல்ட் வரைக்கும்தான் மின்தடை சொல்கிறது.

## ஒன்று பளிச், பக்கத்தில் இருப்பது மங்கல்

ஒரே ரெசிஸ்டரில் பல எல்இடிகளை இணையாக மாட்டியிருக்கிறீர்கள். குறைந்த வோல்ட்டில் எரியும் எல்இடி மின்னோட்டத்தை எல்லாம் விழுங்கிவிடும். 2 வோல்ட் சிவப்பையும் 3 வோல்ட் நீலத்தையும் இப்படிச் சேர்த்தால் சிவப்பு மட்டும் எரியும். கோவைக்கு ஒரு ரெசிஸ்டர், இதில் பேரமே இல்லை. ஸ்டிரிப்பின் கடைசி மீட்டர் மட்டும் மங்கினால் அது வேறு விஷயம்: செம்புப் பட்டையில் வோல்ட் குறைகிறது, மறுமுனையிலும் 12ஐக் கொடுங்கள்.

## மினுக்குகிறது, ஒளியளவு மாற மாட்டேன் என்கிறது

ஊனோவில் பிடபிள்யூஎம் 3, 5, 6, 9, 10, 11 ஆகிய பின்களில் மட்டும். வேறு பின்னுக்கு அனலாக்ரைட் (0 முதல் 255 வரை ஒளியளவு சொல்லும் கட்டளை) கொடுத்தால் 128க்குக் கீழே அணையும், அதற்கு மேல் முழுதாக எரியும், நடுவில் ஒன்றும் கிடையாது. சர்வோ மோட்டாரை ஓட்டும் நூலகத்தைக் கோடில் சேர்த்திருந்தால் 9ம் 10ம் பிடபிள்யூஎம்மை இழந்துவிடும். ஒலி எழுப்பும் டோன் கட்டளை ஓடும்போது 3ம் 11ம் தகராறு செய்யும். 0, 1 பின்கள் யுஎஸ்பி பேச்சுக்கு உரியவை. அங்கே எழுத்தை மாட்டினால் கோடு ஏற்றும்போதெல்லாம் டிஸ்கோ நடக்கும்.

கண்ணுக்கு நன்றாக இருந்து போன் கேமராவில் மட்டும் பட்டை பட்டையாகத் தெரிந்தால் பலகையில் குறை இல்லை. ஊனோவின் பிடபிள்யூஎம் 490 ஹெர்ட்ஸ் (5, 6 பின்களில் 980). கேமரா அதைப் பிடித்துவிடுகிறது. கல்யாண வீடியோக்காரர் வந்து கேட்பார், அதற்காகவே நான் பிடபிள்யூஎம் வைக்காமல் முழு வெளிச்சத்தில் விட்டுவிட்டேன்.

## பக்கத்து இலக்கத்தின் நிழல் தெரிகிறது

இது நான்கு இலக்க ஏழு-துண்டு டிஸ்பிளேவையும் மேட்ரிக்ஸையும் மாற்றி மாற்றி எரிப்பவர்களுக்கு. ஸ்கோர்போர்டில் 1 இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து 8இன் சாயல் மெல்லியதாகத் தெரியும்.

முதலில் கோடின் வேகத்தைக் குறைத்து ஓர் இலக்கத்துக்கு ஒரு நொடி கொடுங்கள். நிழல் அப்போதும் இருந்தால் ஒயர் தப்பு. மறைந்துவிட்டால் மாற்றும் வரிசை தப்பு. பலர் முந்தைய இலக்கத்தின் டிரான்சிஸ்டர் திறந்திருக்கும்போதே அடுத்த எண்ணின் துண்டுகளை மாற்றிவிடுகிறார்கள். சரியான வரிசை: துண்டுகளை எல்லாம் அணை, பழைய இலக்கத்தை மூடு, புது எண்ணை வை, புது இலக்கத்தைத் திற.

அதன் பிறகும் லேசாக நிழல் இருந்தால் டிரான்சிஸ்டர் மூடத் தாமதிக்கிறது. முழுதாகத் திறந்த டிரான்சிஸ்டருக்கு, பேஸை விட்டதும் உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடியச் சில மைக்ரோ விநாடி வேண்டும். 10 ஆயிரம் ஓம் மட்டும் மேலே இழுக்கும் பிஎன்பியில் இன்னும் கூடுதல் நேரம் எடுக்கும். மூடுவதற்கும் திறப்பதற்கும் நடுவில் 20 முதல் 50 மைக்ரோ விநாடி இருட்டு விடுங்கள். கண்ணுக்குத் தெரியாது. பிஎன்பியின் பேஸ்-எமிட்டர் ரெசிஸ்டரை 10 ஆயிரத்திலிருந்து 2.2 ஆயிரமாக இறக்கினாலும் உதவும்.

நான்கு இலக்கம் என்றால் ஒவ்வொன்றும் கால்பங்கு நேரம்தான் எரிகிறது, அதனால் மங்கல் என்று துண்டுக்கு 40, 50 மில்லிஆம்பியர் கொடுக்கிறவர்கள் உண்டு. கோடு ஓடும் வரை சரி. ஏதோ ஒரு வரியில் கோடு தொங்கிப்போனால் ஒரே இலக்கம் அந்த மின்னோட்டத்தை முழுநேரமும் வாங்கும். ஏடிமெகாவின் வாட்ச்டாக்கை (காவல் டைமரை) இயக்கி வைத்தால், கோடு தொங்கினாலும் குறித்த நேரத்தில் சில்லை அது ரீசெட் செய்துவிடும். ரீசெட்டில் பின்கள் எல்லாம் விடுபட்டு, பேஸில் நாம் போட்ட ரெசிஸ்டர்கள் இலக்கங்களை மூடிவிடும்.